தவணை எண் ஒன்று

காலை பத்துப் பத்து பஸ் நத்தம் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டது, இந்த ஆள் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒன்பது ஐம்பதுக்கு வந்தவன். வாங்க என்று யாரும் சொல்லவில்லை, உட்காருங்க என்றும் சொல்லவில்லை. வாசலில் செருப்பை விட்டான், மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்தான், ஃபேன் சுவிட்ச் எங்கே என்று தேடி அதையும் தானே போட்டுக்கொண்டான். மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைகூட இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ள மாட்டான் என்று சன்னாசி நினைத்தார், நினைத்ததோடு சரி. கழுத்தில் தொங்கிய அட்டையில் அரவிந்தராஜ் என்று போட்டிருந்தது, அதற்குக் கீழே வசூல் அதிகாரி. அதிகாரியாம். சன்னாசியும் திண்டுக்கல்லுக்கும் நத்தத்துக்கும் நடுவே முப்பத்தொரு வருஷம் பிரைவேட் பஸ்ஸில் வசூல்தான் பண்ணினார், அவரை யாரும் அதிகாரி என்று கூப்பிட்டதில்லை, ஏ கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள், கோபம் வந்தால் அதுவும் இல்லை. அவன் மடியில் ஒரு ஃபைல், ஃபைலுக்கு மேல் ஒரு தாள், தாளுக்கு மேல் ஒரு பேனா. பதினெட்டாயிரத்து ஐநூறு ரூபாயை வைத்துவிட்டு அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அறுபத்தோராயிரம் ரூபாய்க் கடன் இன்றோடு முடிந்துவிடுமாம். இன்றைக்கு மட்டும்தான், நாளைக்கு மறுபடியும் அறுபத்தோராயிரம். ஆடித் தள்ளுபடி மாதிரி சொன்னான். எந்தக் கடன்? ஐம்பத்தைந்து இஞ்ச் டிவி வாங்கிய கடன். அந்த டிவியைச் சன்னாசி கண்ணால் பார்த்ததில்லை. பீரோவில் வெள்ளைத்தாயின் பட்டுச் சேலைக்கு அடியில் பத்தொன்பதாயிரத்து இருநூறு இருந்தது, பெண்டாட்டிக்குக் காது மெஷின் வாங்க ஒன்றரை வருஷமாகச் சேர்த்தது, அதைவிட்டால் இந்த வீட்டில் வேறு காசு கிடையாது. அது இவனுக்கு எப்படித் தெரிந்தது, பீரோவுக்குள் எட்டிப் பார்த்தவன் போலப் பதினெட்டு ஐநூறு என்கிறானே என்று ஒரு நொடி பீரோவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, இல்லை, இவன்கள் எல்லா வீட்டிலும் இதையேதான் சொல்வான்கள் என்று தேற்றிக்கொண்டார். தேறவில்லை.

சார் என்றுதான் ஆரம்பித்தான். "சார், நாங்க பிரச்சனை பண்ற ஆளுங்க இல்ல சார்." பத்து மணிக்கு அது ஐயா ஆனது. பத்துப் பத்து வண்டிக்குப் பிறகு பெரியவரே. கண்டக்டருக்குத் தெரியாத படிக்கட்டா இது. டிக்கெட் எடுக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் முதலில் சார் டிக்கெட், அடுத்த தடவை அண்ணே டிக்கெட்டு, மூன்றாவது தடவை யோவ். யோவ் வந்துவிட்டால் அப்புறம் விசில்தான், வண்டி நிற்கும், மொத்த ஜனமும் திரும்பிப் பார்க்கும், ஆள் நடுரோட்டில் இறங்குவான். எத்தனை பேரை அப்படி இறக்கியிருக்கிறோம், சாணார்பட்டிக்கு அந்தப் பக்கம், உச்சி வெயிலில். அதில் எத்தனை பேர் நிஜமாகவே சில்லறையைத் தொலைத்தவர்களோ. அந்தப் பாவம்தான் இப்போது நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறதோ. சீ, பாவமாவது புண்ணியமாவது, இவன் பெரியவரேவுக்கு வந்துவிட்டான், யோவுக்கு இன்னும் ஒரு படிதான் பாக்கி, அதைச் சத்தமாகச் சொல்வான், வாசலைப் பார்த்துச் சொல்வான். லைன் வீடு இது. ஆறு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர், ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் ஆறு வீட்டிலும் தும்முவார்கள். எதிர்வீட்டு லில்லிமேரி காய்ந்த சேலையை இரண்டாம் தடவையாக உதறிக்கொண்டிருக்கிறாள், அவள் பார்வை சேலையில் இல்லை. உதறு, நன்றாக உதறு, உனக்கு இன்றைக்குப் பொழுது போகும். இவன் வாயைத் திறந்தால் ஆறு வீட்டுக்கும் கேட்கும். வெள்ளைத்தாய்க்கு மட்டும் கேட்காது. நூல் மில்லில் இருபத்திரண்டு வருஷம் அந்தச் சத்தத்துக்குள் நின்று நின்று அவள் காது போய்விட்டது. பக்கத்தில் போய்க் கத்தினால்தான் உண்டு. அடுப்படியில் மோர் கடைந்துகொண்டிருக்கிறாள், மத்தின் சத்தம்கூட அவளுக்குக் கேட்காது, கையின் அசைவை வைத்துத்தான் வெண்ணெய் திரண்டதா என்று பார்க்கிறாள். மோர் யாருக்கு? இந்த நாய்க்குத்தான். கழுத்தில் அட்டை தொங்குவதைப் பார்த்து மகள் ரேணுகாவின் ஆபீஸிலிருந்து யாரோ வந்திருப்பதாக நினைத்துவிட்டாள், ரேணுகாவும் கோயம்புத்தூரிலிருந்து அனுப்புகிற போட்டோவில் இப்படித்தான் அட்டை மாட்டியிருப்பாள். அவன் உள்ளே வரும்போது பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அதை நினைத்தால் சன்னாசிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லாம் ஒரு கிரைண்டரில் வந்தது. போன ஆடி மாசம் பழைய கிரைண்டரின் மோட்டார் எரிந்துபோய் வெள்ளைத்தாய் கையால் மாவு ஆட்டப் போனாள், அறுபது வயசில் குழவியைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் நாலாயிரத்து எண்ணூறு ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ரொக்கம். கடன் என்ற பேச்சே இல்லை. பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்ட கடைப்பையன் இல்லை, அவனுக்குப் பக்கத்தில் டை கட்டிய ஒருத்தன், ஐயா உங்களுக்கு ஆஃபர் கார்டு விழுந்திருக்கு, அடுத்த தடவை எது வாங்கினாலும் குறைச்சல், காசு எதுவும் வேண்டாம், ஆதார் மட்டும் காட்டுங்க என்றான். காட்டினார். ஐயா கேமராவைப் பாருங்க என்றான். பார்த்தார். சிரிக்க வேறு செய்தார், சனியன். போனில் ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க என்றான். அங்கேதான் விழுந்தது மண். முப்பத்தொரு வருஷம் டிக்கெட் நம்பர் ஒப்பித்த வாய். டிரிப் கணக்கான வே பில் எழுதும்போது எட்டு இலக்கம் பத்து இலக்கம் கண்ணாடி போடாமல் கடகடவென்று படிப்பார் என்று டிரைவர்களே மெச்சிய வாய். அந்த ஆறு இலக்கத்தையும் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கணீரென்று சொன்னார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. முதல் நம்பர் வேலை செய்யலைங்கய்யா, இன்னொண்ணு வரும் பாருங்க என்றான் டை கட்டினவன், அந்த இரண்டாவது நம்பரில்தான் எவன் வீட்டுச் சுவரிலோ ஐம்பத்தைந்து இஞ்ச் டிவி ஏறியிருக்க வேண்டும். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது இதுதான். தவணை கேட்டு போன் வந்த பிறகு ரேணுகா கடைக்குப் போய்க் கேட்டபோது அப்படி ஒரு ஆள் எங்கள் கடையில் இல்லவே இல்லை, அவர் ஃபைனான்ஸ் ஆள் என்றார்கள். ஃபைனான்ஸில் கேட்டால் அவர் கடை ஆள் என்றார்கள். கிரைண்டர் நன்றாகத்தான் ஓடுகிறது.

அதுவரைகூடச் சன்னாசி மேல் குற்றமில்லை, ஏமாந்தார், அவ்வளவுதான். ஏமாறாதவன் யார். ஆனால் மார்கழியில் நடந்ததை நினைத்தால், நினைக்காதே, நினைக்காதே என்றால் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. மார்கழியில் வசூலுக்கு வந்தவன் வேறு ஆள். மெதுவாகப் பேசுகிறவன், நாற்பது வயசு, நெற்றியில் விபூதி. வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. தண்ணீர் லாரி வந்திருந்த நேரம், லைன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு வெளியே. அவன் யாரையும் பார்க்கவில்லை, சன்னாசியை மட்டும் பார்த்து, ஐயா ஒரு தவணையாவது கொடுங்க, நான் இத்தோட இந்தப் பக்கம் வரலை, இல்லைன்னா இங்கேயே நிற்பேன், எனக்கு வேற வழி இல்லை என்றான். குரலை உயர்த்தவே இல்லை. சன்னாசி உள்ளே போனார், இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாயை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தார். ஏன் கொடுத்தார்? நான் வாங்கலை என்று ஏன் சொல்லவில்லை? சொல்ல வாய் வந்தது. ஆனால் உடம்புக்குள் ஒரு பழக்கம் இருக்கிறதே. பஸ் கம்பெனியில் ராத்திரி கடைசி டிரிப் முடிந்து பையைக் கவிழ்த்து எண்ணும்போது டிக்கெட் கணக்குக்கும் காசுக்கும் இடித்தால், கூட இருந்தால் முதலாளிக்கு, குறைந்தால் கண்டக்டருக்கு. பன்னிரண்டு ரூபாய் குறையுதா, சட்டைப் பையில் கையை விட்டுப் போடு. ஐம்பது குறையுதா, அன்றைய சாப்பாட்டுப் படிக்காசில் பிடி. யார் எடுத்தான், எங்கே விழுந்தது, எவன் ஐம்பதைக் கொடுத்துவிட்டு நூறென்று சொல்லி மீதி வாங்கிக்கொண்டு போனான் என்று கேட்டுக்கொண்டு நிற்க முடியாது, காலையில் நாலரைக்கு முதல் வண்டி. குறைகிறது என்று எவனாவது சொன்னால் சன்னாசியின் கை பைக்குள் போய்விடும், மூளை பிறகுதான் வரும். அந்தக் கைதான் கொடுத்தது. கொடுத்ததோடு விட்டாரா. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று ரசீது கேட்டார். டிக்கெட் கொடுக்காமல் காசு வாங்கினால் வேலை போய்விடும் என்று ஊறிய உடம்பு, காசு கைமாறினால் தாள் வேண்டும். அவன் இடுப்பிலிருந்த சின்ன மெஷினை எடுத்துத் தட்டினான், டிக்கெட் மெஷின் மாதிரியே கிர்ரென்று ஒரு சீட்டு வந்தது. தவணை எண் ஒன்று, வாடிக்கையாளர் சன்னாசி, ரொக்கம். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டபோது ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்தால்தான் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் அதற்கு ரசீதும் வாங்கிக்கொண்டான்.

"பெரியவரே, நா பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க அந்தச் செவத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க." அரவிந்தராஜ் பேனாவைத் தட்டினான். சுவரில் பழைய டிவி, டப்பா டிவி, மேலே பூப்போட்ட துணி. அவனும் அதைப் பார்த்தான். "அந்த டிவி எங்க? வித்துட்டீங்களா? இல்ல மக வீட்டுக்குக் குடுத்துட்டீங்களா?" சன்னாசி, "வாங்கவே இல்லைங்கிறேன்" என்றார். இதைப் பத்தாவது தடவையாகச் சொல்கிறார், சொல்லச் சொல்ல அவருக்கே பொய் மாதிரி கேட்கிறது. உண்மையை ஒரு தடவை சொன்னால்தான் உண்மை, பத்துத் தடவை சொன்னால் சாக்கு. "வாங்காத டிவிக்கு எவனாச்சும் தவணை கட்டுவானா?" என்று அவன் கேட்டான். அதைத்தான் வைத்திருந்தான், இவ்வளவு நேரம் உள்ளங்கைக்குள் வைத்திருந்து இப்போது போட்டான். ஃபைலைத் திறந்து காட்டினான், தவணை எண் ஒன்று, ரொக்கம். இது பதில் சொல்ல முடியாத கேள்வி என்று சன்னாசிக்குப் போன வாரமே தெரியும், தபாலில் வந்துவிட்டது. மாசியில் ரேணுகா ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் அதற்கு மேலே புகார் கேட்கிறவர்களுக்கும் ஒரு லெட்டர் எழுதினாள், மூன்று பக்கம், வரிசை நம்பர் போட்டு. எழுதுவதற்கு முன்னால் போனில் கேட்டாள். "அப்பா, இவிங்களுக்கு ஒரு பைசா குடுத்துறாதீங்க. குடுத்தா ஒத்துக்கிட்டோம்னு ஆயிரும். எதுவும் கட்டலையே?" சன்னாசி, "இல்லம்மா" என்றார். இரண்டே வார்த்தை. கட்டி இரண்டு மாசம் ஆகியிருந்தது, சீட்டு சட்டைப் பையில் இருந்தது. மகளிடம் எப்படிச் சொல்வது, படித்த பெண், கணக்கு ஆபீஸில் இருக்கிறவள், உங்கப்பன் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டான் என்று எப்படிச் சொல்வது. அவள் நாலாவது வரியில் எழுதினாள், என் தந்தை இந்தக் கடனுக்காக இதுவரை ஒரு ரூபாய்கூடச் செலுத்தவில்லை. பதில் சன்னாசியின் விலாசத்துக்குத்தான் வந்தது. தங்கள் தந்தை முதல் தவணையைச் செலுத்திக் கடனை ஏற்றுக்கொண்டுள்ளார், ரசீது நகல் இணைப்பு. அவர் அதை ரேணுகாவுக்குச் சொல்லவில்லை. பரண்மேல் இருக்கிற டிக்கெட் தகரப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார். பெட்டியை மூடினால் லெட்டர் இல்லை என்று ஆகிவிடுமா. பெண்ணை ஒரு பொய்க்கடிதம் எழுத வைத்துவிட்டு அப்பன் பரணைப் பார்த்துப் பார்த்து ஒரு வாரமாகத் தூங்காமல் கிடக்கிறான்.

வெள்ளைத்தாய் மோரோடு வந்தாள். கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, பெருங்காயம் போட்டு, எவர்சில்வர் டம்ளரில். யார் வந்தாலும் கொடுத்துவிடுவாள், கரண்ட் பில் எடுக்க வந்தவன், சிலிண்டர் போட வந்தவன், யாராக இருந்தாலும், வெயிலில் வந்தவன் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. "குடிங்க தம்பி" என்றாள், காது கேளாதவர்களுக்கு வருமே அந்த உரத்த தட்டைக் குரலில். "ரேணுகா நல்லாருக்காளா?" அரவிந்தராஜ் சன்னாசியைப் பார்த்தான், ஒரு கணம்தான், அதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது அவனுக்கு, அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைச் சன்னாசி பார்த்தார். இந்த அம்மாவுக்குத் தெரியாது. "நல்லாருக்காங்கம்மா" என்றான். டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தான். அடப் பாவி, என் பெண்டாட்டி கடைந்த மோரைக் குடித்துக்கொண்டே என் பெண்டாட்டியின் காதைக் கழற்றிக்கொண்டு போக வந்திருக்கிறாயே, அது தொண்டையில் இறங்குகிறதா உனக்கு. இறங்கியது. இரண்டாவது மடக்கும் குடித்தான். அவள் கதவருகே போய் நின்றுகொண்டாள், விருந்தாளி குடித்து முடித்தால் டம்ளரை வாங்கிக்கொள்ளலாம் என்று. அவன் குரலை இறக்கினான், இப்போது அவனுக்குச் சத்தம் தேவைப்படவில்லை. "அம்மாவுக்குத் தெரியாதா? மகளுக்கும் நீங்க சொல்லலைன்னு நெனைக்கிறேன். அவங்க எழுதுன லெட்டரும் எங்ககிட்ட இருக்கு, கம்பெனிய ஏமாத்துறதுக்குப் பொய் எழுதுனாங்கன்னு நாங்க கேட்டா அவங்க வேலைக்கு என்ன ஆகும்? எதுக்கு வம்பு. ஒரு கையெழுத்து, இன்னையோட முடிஞ்சிரும்."

இன்னையோட முடிஞ்சிரும். இதே வார்த்தை, வரிசை மாறாமல். வேறு வாய். பஸ் கம்பெனிக் கணக்கர் பரமசிவத்தின் வாய். தொண்ணூற்றேழு, நத்தம் மாரியம்மன் பூக்குழித் திருவிழா, வண்டியில் கால் வைக்க இடமில்லை, கூரையில் ஆள், ஏணியில் ஆள், அன்றைக்கு மட்டும் இரண்டு கண்டக்டர். பின்வாசலில் சன்னாசி, முன்வாசலில் பரமசிவத்தின் மைத்துனன். ராத்திரி எண்ணினால் ஆயிரத்து நூற்றைம்பது குறைகிறது. யார் என்று சன்னாசிக்குத் தெரியும், பரமசிவத்துக்கும் தெரியும், அந்த மைத்துனன் சுவரில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான், அவனுக்குத் தெரியாதா. பரமசிவம் சன்னாசியின் தோளில் கை போட்டார். "யாரு எடுத்தான்னு கெளற வேணாம் சன்னாசி. நீ கட்டிரு, எங்கணக்குல கொறஞ்சதுன்னு ஒரு கையெழுத்துப் போட்ரு, இன்னையோட முடிஞ்சிரும்." சன்னாசி போட்டார். மறுநாள் வெள்ளைத்தாயின் தோடு அடகுக் கடைக்குப் போனது, அவள் அப்போது காது நன்றாகக் கேட்கிறவள், காதில் போட ஒன்றுமில்லாமல் ஈர்க்குச்சி செருகிக்கொண்டு மில்லுக்குப் போனாள். முடிந்ததா? முடிந்ததா சன்னாசி? அதற்கப்புறம் பதினோரு வருஷம் அந்தக் கம்பெனியில் எந்த வண்டியில் எது குறைந்தாலும் முதல் பார்வை இவர் மேல்தான் விழுந்தது. ஒரு தடவை ஒத்துக்கிட்டவந்தானே. ராத்திரி வண்டி தங்குகிற ஹால்ட்டில் பக்கத்தில் படுக்கிற டிரைவர், இருபது வருஷம் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறவர், அதற்குப் பிறகு தலைக்கு அடியில் மடித்து வைத்துப் படுத்தார். மடித்து வைத்துப் படுத்தார், அவ்வளவுதான். அந்தச் சட்டையைச் சன்னாசி செத்தாலும் மறக்கப் போவதில்லை. கையெழுத்துப் போட்டால் முடியாது, கையெழுத்தில்தான் ஆரம்பிக்கும். இது தெரியாதா எனக்கு? தெரியும். தெரிந்தும் ஏன் இந்தக் கால் பீரோ பக்கம் போகிறது.

போய்விட்டது. பீரோ திறந்திருக்கிறது, பட்டுச் சேலைக்கு அடியில் கை. ஐநூறு நோட்டுகளாக மாற்றி வைத்திருந்தார். எண்ணுகிற வேகம் மட்டும் இன்னும் போகவில்லை, முப்பத்தேழு தாள் எண்ண மூச்சு விடுகிற நேரம். மீதி ஒரு ஐநூறும் இரண்டு நூறும். பணத்துக்கு அடியில் காது ஆஸ்பத்திரிச் சீட்டு, இரண்டு கோடு போட்டிருந்தது, வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு ஒன்று, இரண்டும் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகிறது. ரேணுகாவின் வேலைக்கு ஒன்றும் ஆகாது, சும்மா மிரட்டுகிறான். ஆகிவிட்டால்? கொடுத்துத் தொலைத்துவிடலாமா, மெஷின் இல்லாமல் ஐந்து வருஷம் இருந்தவள் இன்னும் இரண்டு வருஷம் இருக்க மாட்டாளா. இருப்பாள், கேட்கக்கூட மாட்டாள், ஏன் இன்னும் வாங்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள், அதுதான். பணத்தோடு திரும்பி வந்து நின்றார். அவன் தாளை நீட்டினான். சன்னாசி படித்தார், எழுத்தெழுத்தாக. மேற்படி தொலைக்காட்சிப் பெட்டியை நான் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டு உபயோகித்து வந்தேன் என்றும். உபயோகித்து வந்தேனாம். அதில் நாடகம் பார்த்தேனாம், நியூஸ் பார்த்தேனாம். எங்கணக்குல கொறஞ்சது. இவன் கையில் இருப்பது என்ன, நன்றாக யோசி, டிவி வாங்கியதற்கு என் கையெழுத்து இருக்கிறதா, இருந்தால் முதலிலேயே அதைக் காட்டியிருப்பானே. அவனிடம் இருப்பது அந்த ஒரு சீட்டுதான். அந்தச் சீட்டுக்குக்கூடப் பலம் ஒன்றுமில்லை, நான் அதை மூடி மூடி வைக்கிறேனே அதுதான் பலம். யாரிடம் மூடுகிறேன்? ஊருக்கு ஏற்கெனவே பாதி தெரியும். ரேணுகாவிடம். இதோ கதவருகே டம்ளருக்காக நிற்கிற இவளிடம். இவளிடம் சொல்ல வேண்டுமென்றால் மெதுவாகச் சொல்ல முடியாது. கத்த வேண்டும். கத்தினால் ஆறு வீட்டுக்கும் கேட்கும். அதனால்தான் மார்கழியிலிருந்து இந்தச் சித்திரை வரைக்கும் வாய் திறக்கவில்லை, மற்ற புருஷன்கள் பாயில் படுத்துக்கொண்டு காதோடு சொல்வதைச் சொல்ல இந்த வீட்டில் வழியில்லை. "யோவ்" என்றான் அரவிந்தராஜ், வாசலைப் பார்த்து, சத்தமாக. "காச கையில வச்சுக்கிட்டு என்னய்யா யோசன?" யோவ் வந்துவிட்டது. அடுத்து விசில்.

சன்னாசி வெள்ளைத்தாயின் பக்கம் திரும்பினார். பூக்குழிக் கூட்டத்தில் பின்வாசலிலிருந்து முன்வாசலுக்குக் கத்துகிற குரல், பத்து வருஷமாக எடுக்காத குரல், எங்கே கிடந்ததோ, வந்தது. "ஏ வெள்ளத்தாயி! இவன் ரேணுகா ஆபீஸு இல்ல! கடன் வசூலிக்க வந்தவன்! நாம வாங்காத டிவிக்கு! மார்கழியில நா புத்திகெட்டுப் போயி ரெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பது ரூவா கட்டிட்டேன்! ஒங்கிட்டயும் சொல்லல, புள்ளகிட்டயும் சொல்லல! இப்ப ஒன் காது மெசினு காசக் கேக்குறான்!" லில்லிமேரியின் சேலை அந்தரத்தில் நின்றது. மூன்றாம் வீட்டில் மிக்ஸி நின்றது. வெள்ளைத்தாய் புருஷனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள், பூப்போட்ட துணியை, அதற்குக் கீழே டப்பா டிவியை. "எந்த டிவி?" என்று கேட்டாள். "தெரியல! அம்பத்தஞ்சு இஞ்சாம்!" அவள் கையை அகல விரித்துப் பார்த்தாள், இவ்வளவா என்கிற மாதிரி, எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். அரவிந்தராஜ் எழுந்துவிட்டான். "சார், மெதுவாப் பேசுங்க சார், எதுக்கு சார் கத்துறீங்க, அக்கம் பக்கத்துல..." சார். படிக்கட்டில் இறங்கி வந்துவிட்டான். சன்னாசிக்கு இறங்க மனமில்லை. "நா கையெழுத்துப் போட்டு டிவி வாங்குன தாளு எங்க? டிவிய எந்த வீட்ல எறக்குனீங்க, அதுக்கு எவன் கையெழுத்து? அதக் கொண்டா! டிக்கெட்டு இல்லாம காசு கேக்குறதுக்கு எங்க வண்டியில என்ன பேரு தெரியுமாடா?" வெள்ளைத்தாய் வந்து அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். பாதி மோர் இருந்தது. அதை வாசலில் ஊற்றினாள், அவன் செருப்புக்குப் பக்கத்தில், செருப்பிலும் கொஞ்சம் பட்டது. அவன் ஃபைலை அள்ளிக்கொண்டு ஈரச் செருப்பை மாட்டினான். "ஆபீஸ்ல சொல்லிக்கிறேன் சார். வெள்ளிக்கெழம ரெண்டு பேரா வருவோம்" என்றான். வருவான், சந்தேகமில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

அவன் இழுத்துப் போட்ட அதே நாற்காலியில் சன்னாசி உட்கார்ந்தார், ஃபேன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பணம் கையில் வியர்வையில் ஒட்டியது. வெள்ளைத்தாய் அதை வாங்கிக்கொண்டு போய்ப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். "தை, மாசி, பங்குனி" என்று விரல் விட்டாள். "இத்தன மாசமா ஏன் சொல்லல?" அவர் குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில் போய், "சொல்லணும்னா கத்தணுமே" என்றார், அப்போதும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. "முப்பத்தொரு வருசம் ஊரான் கூட்டத்துல கத்துன மனுசன், எங்கிட்ட ஒரு தடவ கத்த மாட்டீகளா?" என்றாள். நத்தம் ரோட்டில் பத்து ஐம்பது வண்டி போனது, அவர் மட்டும் கேட்டார். பரண்மேல் ஏற வேண்டும், தகரப் பெட்டியை இறக்க வேண்டும், அந்த லெட்டரை எடுத்துப் படித்துக் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் ஒன்று. சன்னாசி போனை எடுத்து ரேணுகாவைக் கூப்பிட்டார். அவள் எடுத்ததும், "அம்மா ரேணு, நீ எழுதுன லெட்டர்ல நாலாவது வரி தப்பு" என்றார். "நாந்தான் தப்பாச் சொன்னேன்."